வீட்டிலேயே செய்தால் மிச்சம் என்கிறார்களே: எதில் மிச்சம், எதில் வெறும் வேலை?

காவிரிக்கரை (திருச்சி)

வணக்கம். வாடகை வீடு. கணவர், நான், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், ஒரே சம்பளம். அடுத்த கல்வியாண்டில் பெரியவளுக்குக் கட்டணம் கூடுகிறது. மாதம் இரண்டாயிரம் ரூபாயாவது வீட்டுச் செலவில் பிடித்தாக வேண்டும்.

யாரைக் கேட்டாலும் "கடையில் வாங்காதே, வீட்டிலேயே செய்" என்கிறார்கள். சோப்பு, ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம், மசாலாப் பொடி, மாவு, தயிர், வடகம், மாடியில் கீரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தால் நான் தூங்குவது எப்போது? இதில் உண்மையாகவே பணம் மிச்சமாவது எது, மிச்சம்போலத் தோன்றுவது எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். "மனநிறைவு கிடைக்கும்" என்ற பதில் வேண்டாம். அது என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

அம்மிக்கல் (மதுரை)

முதலில் இட்லி மாவு. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். தண்ணீர் சேர்ந்து ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். அரிசி 45, உளுந்து 130 என்று வைத்தால் மொத்தம் 78 ரூபாய். கிலோ மாவு 26 ரூபாய். எங்கள் தெருக் கடையில் அதே ஒரு கிலோ 50 முதல் 55 வரை. கிரைண்டர் ஓடும் மின்சாரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 150 வாட் மோட்டார் நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். அரிசி அட்டை இருந்தால் நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியைப் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். அப்போது இன்னும் குறையும். ரேஷன் அரிசியில் இட்லி வராது என்பவர்கள் ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்திருப்பார்கள்.

அந்த நியாயவிலைக் கடையிலேயே துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதைவிட்டுவிட்டு வேறு எதையும் சிக்கனம் என்று பேசுவதில் பொருளே இல்லை.

தயிர்: அரைக் கிலோ பாக்கெட்டின் விலையோடு ஐந்து பத்து ரூபாய் சேர்த்தால் ஒரு லிட்டர் பால் வந்துவிடும். உறை ஊற்ற ஒரு நிமிடம். இதற்கு மேல் இதில் பேச என்ன இருக்கிறது?

சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி: மல்லியும் மிளகாயும் மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்தால் நல்ல மிச்சம். ஆனால் மிக்ஸியில் நூறு நூறு கிராமாக அரைப்பது வேலைக்காகாது. பொடியும் நைசாக வராது, ஜாடியும் சூடாகும்.

கணக்குப்பிள்ளை (கோவை)

மாவு, தயிர் சரி. சோப்புக் கணக்கை நான் சொல்கிறேன். இந்த இழையில் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அரைக் கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 87 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தண்ணீரையும் சேர்த்து ஊற்றி, நான்கு வாரம் காயவிட்டால், நூறு கிராம் சோப்பு ஆறு தேறும். 2025இல் கொப்பரை விலை எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் கிலோ 400 என்று வைத்தாலே அரைக் கிலோவுக்கு 200. சோடா, வாசனை என்று இன்னொரு இருபது. ஆறு சோப்புக்கு 220. ஒன்று 37 ரூபாய். கடையில் நல்ல குளியல் சோப்பே அந்த விலைக்குக் கிடைக்கிறது. இதில் மிச்சம் எங்கே?

மலிவான பாமாயிலில் செய்யலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் திருச்சியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால், அந்தச் சோப்பு நுரைக்காமல் வாளியில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்கும். உப்புத் தண்ணீரில் எண்ணெய்ச் சோப்புக்குப் பெரும்பாலும் அதுதான் கதி.

வேப்பமரத்தடி (ஈரோடு)

எல்லாவற்றையும் ரூபாயில் அளக்கிறீர்கள். ரசாயனம் இல்லாமல் வாழ்வதற்கு விலை உண்டா? நாங்கள் வீட்டில் ஷாம்புவே வாங்குவதில்லை; சிகைக்காயும் அரப்பும்தான். பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை. தரை துடைக்கப் பழத்தோல் நொதி: ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். நூறு கிராம் வெல்லத்தில் ஒரு லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. ஆறேழு ரூபாய்தான் செலவு. இதற்குமா கணக்கு வேண்டும்?

அடைத்துக்கொண்ட சிங்குக்குச் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றினால் போதும். கழிவறைக்கு அமிலத்தோடு கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் சேர்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். இதெல்லாம் நம் வீட்டிலேயே இருப்பதுதானே.

சோதனைக்குழாய் (நாகர்கோவில்)

வேப்பமரத்தடி, உங்கள் கடைசி வரியை யாரும் செய்து பார்க்க வேண்டாம். கழிவறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் கழிவறை, மூடிய கதவு. நுரையீரலுக்கு அது போதும். இரண்டையும் ஒரே நாளில்கூட ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். இது நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லும் ஒன்று.

சோடாவும் வினிகரும் சேர்ந்தால் பொங்குவது கண்ணுக்கு அழகு. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். அடைப்பு எடுக்க வேண்டுமா? சிங்குக்கு அடியில் உள்ள வளைகுழாயைக் கையால் திருகிக் கழற்றி, கீழே வாளி வைத்துச் சுத்தம் செய்யுங்கள். செலவு பூஜ்ஜியம். செம்பு, பித்தளைக்குப் புளி. அதில் எந்த மறுப்பும் இல்லை.

பழத்தோல் நொதி தரை துடைக்க நன்றாகவே வேலை செய்யும். கிருமிநாசினி என்று மட்டும் நம்ப வேண்டாம்.

சோப்பு காய்ச்சியே தீருவேன் என்பவர்களுக்கு: காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

மின்கம்பம் (தஞ்சாவூர்)

மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சோப்பில் ஆறு ரூபாய், ஷாம்புவில் நான்கு ரூபாய் என்று தேடுகிறீர்கள். மின்கட்டணத்தைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2022 செப்டம்பர் அட்டவணையை வைத்துச் சொல்கிறேன். 2024 ஜூலையில் விலை சற்று ஏறியது. அப்போது படிக்கட்டு அமைப்பு மாறவில்லை. அந்த அட்டவணையில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு 2.25, பிறகு 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.25 படிக்கட்டே மறைந்துவிடும். 101 முதல் 400 வரை 4.50 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8 ரூபாய்.

500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். "ஐந்நூறைத் தாண்டினால் பில் இரண்டு மடங்காகிவிடும்" என்று ஊரில் சொல்வது பொய். ஆனால் கணக்கெடுக்க ஆள் வரும் வாரத்தில் மீட்டரைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அந்த 233ஐப் பல முறை காப்பாற்றலாம்.

அம்மா, உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட்? ஏசி உண்டா?

காவிரிக்கரை

ஏசி இல்லை ஐயா. மூன்று விசிறி, ஃபிரிட்ஜ், டிவி, கிரைண்டர், மிக்ஸி. 260 யூனிட் வரும். ஆனால் எங்களுக்கு அந்தப் படிக்கட்டெல்லாம் கிடையாது. வீட்டு உரிமையாளர் உப மீட்டர் வைத்திருக்கிறார். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று அவரிடமே கொடுத்துவிடுகிறோம். மூன்று குடித்தனம், எல்லோருக்கும் அதே விலை.

மின்கம்பம்

இதை நீங்கள் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். சோப்பு, பொடி எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

260 யூனிட்டுக்கு 9 வீதம் 2340 ரூபாய் கொடுக்கிறீர்கள். உங்கள் குடித்தனத்துக்கு என்று தனி இணைப்பு இருந்தால், 2022 அட்டவணைப்படி முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 225, மீதி அறுபது 270. மொத்தம் 495 ரூபாய். 2024 விலையிலும் இருபது முப்பது ரூபாய்க்குள்தான் வித்தியாசம். இரண்டு மாதத்துக்கு 1800 ரூபாய்க்கு மேல், அதாவது மாதம் 900. நீங்கள் தேடும் இரண்டாயிரத்தில் பாதி அங்கே கிடக்கிறது.

தனி இணைப்பைப் பற்றி முதலில் உரிமையாளரிடம் பேசுங்கள். வைப்புத்தொகை, வயரிங் செலவு உண்டு. "செலவை நாங்கள் மூன்று குடும்பமும் பகிர்ந்துகொள்கிறோம்" என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால், அரசுக்கு அவர் கட்டும் பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத்தை யூனிட் வீதம் பிரிக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் அடுத்த வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் மீட்டரைப் பற்றிக் கேளுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் என்பதால் மற்றவர்களுக்கு ஒத்துவராத சில செலவுகள் உங்களுக்கு ஒத்துவரும். பழைய கூரை விசிறி 75 வாட். பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் உள்ள விசிறி சுமார் 30 வாட். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். 4.50 கொடுப்பவருக்கு அது 145 ரூபாய். மூவாயிரம் ரூபாய் விசிறி முதலை மீட்க மூன்றரை ஆண்டு ஆகும். உங்களுக்கு அதுவே 290 ரூபாய். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குள் மீண்டுவிடும். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். படுக்கையறைக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

ஐயா சொன்னதை வைத்து அடுப்புக் கணக்கும் போட்டுவிட்டேன். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் சுமார் 182 யூனிட்டுக்குச் சமம். நல்ல அடுப்பில் அதில் 65 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும், 118 யூனிட். சிலிண்டர் 870 என்று வைத்தால், பாத்திரத்துக்குள் போகும் ஒரு யூனிட் வெப்பம் ஏழேகாலிலிருந்து ஏழரை ரூபாய்க்குள். மின்தூண்டல் (இண்டக்ஷன்) அடுப்பில் 85 சதவீதம் போகும். மின்சாரம் 4.50 என்றால் அதே வெப்பம் 5.30க்குக் கிடைக்கும். 6 ரூபாய் என்றால் ஏழு. காஸோடு கிட்டத்தட்டச் சமம். 8 ரூபாய் என்றால் 9.40.

காவிரிக்கரை, உங்களுக்கு 9 ரூபாய். 10.60 ஆகிறது. உங்கள் வீட்டில் அந்த அடுப்பு இருந்தால் பரண் மேல் வையுங்கள். தனி இணைப்பு வந்ததும் இறக்கலாம். ஒரே ஊரில், ஒரே தெருவில், எதிர்வீட்டாருக்கு நேர்மாறான அறிவுரை சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தப் பொதுவான "பத்து வழிகள்" எனக்குப் பிடிப்பதில்லை.

வாளையார் (பாலக்காடு எல்லை)

காஸ் குறைய இன்னொன்று. எங்கள் பக்கம் சூடாறாப் பெட்டி என்று உண்டு. அரிசியைக் கொதிக்கவிட்டு ஐந்து நிமிடத்தில் பாத்திரத்தோடு அதற்குள் இறக்கி மூடிவிட்டால் மிச்ச வேக்காடு தானாக நடக்கும். மட்டையரிசிக்கு (கேரளச் சிவப்பரிசி) இதில்தான் காஸ் மிச்சமாகும். பெட்டி வாங்க வேண்டும் என்பதில்லை. அட்டைப் பெட்டிக்குள் பழைய கம்பளி, துணி திணித்து நடுவில் குழி வைத்தாலும் ஆகும். கொண்டைக்கடலை, ராஜ்மாவை இரவே ஊறவைக்காமல் குக்கரில் பத்து விசில் விடுவது பணத்தை எரிப்பது.

இரவுப்பணி (சென்னை)

எல்லாம் சரி. ஒரு கேள்வி. மாவு அரைப்பது, பொடி காயவைப்பது, வடகம் பிழிவது: இதையெல்லாம் செய்யும் நேரத்துக்கு யாரும் விலை போடவில்லையே? என் மனைவி வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு நேரம் இருக்கிறது. எனவே எங்கள் வீட்டில் கணக்கு எப்போதும் லாபம்தான். வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டில் இது எடுபடாது என்று நினைக்கிறேன்.

அம்மிக்கல்

தம்பி, "வீட்டில்தான் இருக்கிறார், நேரம் இருக்கிறது" என்பதை உங்கள் மனைவி எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தின் மேல் இன்னும் ஒரு மணி நேரம் ஏற்றிவிட்டு அதைச் "சிக்கனம்" என்றால், யார் சிக்கனம், யார் செலவு? 2023இல் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த மாதம் ஆயிரம் ரூபாய்க்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்ததில் ஒரு காரணம் இருக்கிறது.

நானும் மாவு அரைக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அரிசி கழுவி ஊறவைப்பது அவர், கிரைண்டரில் போடுவது நான், கல்லைக் கழுவி வைப்பது மகன். கிரைண்டர் கழுவுவதுதான் உண்மையான வேலை என்று அரைத்தவர்களுக்குத் தெரியும்.

இரவுப்பணி

அக்கா, அந்தப் பொருளில் சொல்லவில்லை.

காவிரிக்கரை

அந்தப் பொருளில்தான் சொன்னீர்கள் தம்பி. பரவாயில்லை. நான் வீட்டில்தான் இருக்கிறேன், எனக்கு நேரம் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

திருகாணி (சேலம்)

ஆண்கள் கையில் எடுக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். பழுது பார்ப்பது. (பெண்கள் செய்யக் கூடாது என்று அர்த்தமில்லை, எங்கள் வீட்டில் ஃபிளஷ் டேங்க் என் தங்கையின் துறை.) பொருளை வீட்டில் செய்வதைவிட, வாங்கிய பொருளை ஐந்தாண்டு கூடுதலாக ஓடவைப்பதில்தான் பெரிய பணம்.

விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளினால்தான் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர். சாதாரணக் கூரை விசிறிக்கு 2.5 மைக்ரோஃபாரட். மின்பொருள் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆளைக் கூப்பிட்டால் கூலிதான் அதிகம். ஆனால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள், மெயினை அணையுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் எந்த ஒயரில் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கழற்றும்முன், பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளியால் கெபாசிட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு தடவை சேர்த்துத் தொடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று முன்னதாகவே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎல்டிசி விசிறிக்கு இது பொருந்தாது. அதன் பலகை போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். வாங்கும்போது உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள் என்பது ஐயா சொன்னதோடு நான் சேர்ப்பது.

மிக்ஸி ஓடுகிறது, ஜாடி சுற்றவில்லை என்றால் மேலே உள்ள கப்ளர் பல் தேய்ந்திருக்கும். அது சின்னத் தொகை. பல மாடல்களில் அதன் மரை எதிர்த்திசை. வழக்கம்போலத் திருகி, கழலவில்லை என்று சுத்தியலை எடுக்கும் முன் மறுபக்கம் திருகிப் பாருங்கள்.

சொட்டும் குழாய்: பழைய வகை என்றால் உள்ளே உள்ள வாஷர்தான். கால் சுற்றிலேயே திறந்து மூடும் குழாய் என்றால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை அப்படியே மாற்ற வேண்டும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அளவு வேறு வேறு. ஃபிளஷ் டேங்க் கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை டேங்கில் நாலு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் கீழே உள்ள ரப்பர் போயிற்று. லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு வேண்டாம், உப்பு.

கை வைக்கக் கூடாதவை: காஸ் ரெகுலேட்டர், குக்கரின் பாதுகாப்பு வால்வு, பிரிட்ஜின் வாயு. காஸ் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதில் சிக்கனம் பார்ப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஊசிநூல் (காஞ்சிபுரம்)

துணியைப் பற்றி யாரும் பேசவில்லை. சேலைக்கு ஃபால்ஸ் தைக்கவும் ஓரம் அடிக்கவும் வெளியே கொடுக்கும் கூலியைக் கூட்டிப் பாருங்கள். கையாலேயே தைக்கலாம், டிவி பார்த்துக்கொண்டே இரண்டு மாலையில் முடியும். ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், இல்லையென்றால் பிறகு சுருங்கிச் சேலையை இழுக்கும்.

பள்ளிச் சீருடையில் நான் செய்வது: ஒரு அளவு பெரிதாக வாங்கி, கீழே உள்மடிப்பு அகலமாக விட்டுத் தைத்துவிடுவேன். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்குவேன். இரண்டு ஆண்டு தாராளமாக வரும். பழைய மடிப்புக் கோடு தெரிகிறது என்று பெரியவள் முகம் சுளித்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு பட்டை நாடா.

தையல் மெஷின் புதிதாக வாங்காதீர்கள். பெல்ட்டும் எண்ணெயும் போட்டால் ஓடக்கூடிய பழைய மெஷின் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் தூங்குகிறது.

வேப்பமரத்தடி

சோதனைக்குழாய் சொன்ன குளோரின் விஷயத்தை ஏற்கிறேன். நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். மாடித் தோட்டத்துக்கு மட்டும் எதிர்ப்புச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

சொல்ல முடியும். பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், விதை என்று வாங்கிய காசுக்கு எத்தனை கட்டுக் கீரை வரும்? ஒரு கட்டு பதினைந்து இருபது ரூபாய்க்கு வாசலுக்கே வருகிறது.

அம்மிக்கல்

வாங்கினால்தானே அந்தக் கணக்கு. உடைந்த வாளி, எண்ணெய் டின், சமையலறைக் கழிவு மட்கியது. வெந்தயத்தை அஞ்சறைப் பெட்டியிலிருந்தே தூவலாம், மூன்று வாரத்தில் கீரை. புதினாவை ஆய்ந்த பிறகு தண்டை நட்டு வையுங்கள். கறிவேப்பிலைக்கு ஒரு பெரிய தொட்டி. இந்த மூன்றும் போதும். தக்காளி, கத்தரிக்காய் வளர்ப்பது ஆசைக்கு. அதைப் பணம் மிச்சம் என்று சொல்லாமல் ஆசை என்றே சொல்லிவிட்டு வளருங்கள்.

கீழமாசிவீதி (மதுரை)

மளிகைக் கடைக்காரன் மகன். வீட்டில் செய்வதைவிட எப்போது வாங்குவது என்பதில் இருக்கிறது விஷயம். புதுப்புளி மாசி, பங்குனியில் வரத்து அதிகம். மிளகாய் வற்றலும் ஏறக்குறைய அப்போதுதான். புளியைக் கொட்டை எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைத்தால் ஆண்டு முழுவதும் வரும். நாள் ஆக ஆகக் கறுக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

துவரை வரத்து தையிலிருந்து. முழுத் துவரையாக வாங்கினால் விளக்கெண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் உண்டு, வண்டு அண்டாது. செம்மண் கட்டுவதும் அதற்குத்தான். அரிசிக்குள் வசம்புத் துண்டு போடலாம்.

தனியாக ஒரு வீட்டுக்கு மூட்டை வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் மூன்று குடித்தனம் என்றீர்களே. சேர்ந்து உங்கள் ஊர் காந்தி மார்க்கெட்டில் வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். இடம் இல்லாத வீட்டில் மலிவு என்று வாங்கிக் குவித்தால் பாதி வண்டுக்குத்தான்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நான் எடுத்த முடிவு: மாவு வீட்டில். அரிசி ஊறவைப்பதும் கிரைண்டர் கழுவுவதும் கணவர். இந்த இழையைக் காட்டியே ஒப்புக்கொள்ள வைத்தேன். தயிர் வீட்டில். பொடி ஆண்டுக்கு இருமுறை மில்லில். சீருடை யோசனைக்கு ஊசிநூல் அக்காவுக்குத் தனி வணக்கம். சோப்பு, ஷாம்பு, தக்காளிச் செடி கிடையாது.

மின்கம்பம் ஐயா, உரிமையாளரிடம் தனி இணைப்பு கேட்டோம். "பார்க்கலாம்" என்றார். பில்லைக் காட்டக் கேட்டதற்கு முகம் மாறியது. இப்போது என்ன செய்வது?

மின்கம்பம்

"பார்க்கலாம்" என்றால் பார்க்க மாட்டார். அடுத்த முறை கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வீட்டு மெயினை முழுதாக அணைத்துவிட்டு, வெளியே உள்ள உப மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது மின்னக் கூடாது. இரவில் ஒரு முறை, காலையில் மோட்டார் போடும் நேரத்தில் ஒரு முறை.

காவிரிக்கரை

செய்தோம் ஐயா. இரவில் மெதுவாக மின்னுகிறது. காலையில் மோட்டார் ஓடும்போது வேகமாக மின்னுகிறது. எங்கள் மெயின் அணைந்துதான் இருந்தது. மாடிப்படி விளக்கும் மூன்று குடித்தனத்துக்கான தண்ணீர் மோட்டாரும் எங்கள் மீட்டருக்குப் பின்னால் இருக்கின்றன போலிருக்கிறது.

மின்கம்பம்

போலிருக்கிறது இல்லை, அதுதான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட், 540 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுடையது. விளக்கு தனி.

உரிமையாளர் வேண்டுமென்றே செய்திருப்பார் என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ஒயரிங் செய்தவர் பக்கத்தில் இருந்த ஒயரில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நான் பார்த்த வீடுகளில் பாதி அப்படித்தான். அவரையே நிற்கவைத்து மெயினை அணைத்துக் காட்டுங்கள். இரண்டு ஒயரையும் பொது மீட்டருக்கு மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. மாற்றும் வரை, மோட்டார் போடும் முன்னும் பின்னும் மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த கணக்கில் அதில் மற்றவர்கள் பங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். மற்ற இரண்டு குடித்தனத்தாரையும் அந்த நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.